பதற்றம்: ஒரு சொல்லும் அதன் அண்டைச் சொற்களும்

சென்ற மழைக்காலத்தில் என் அத்தையை யாங்கூனில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். எழுபதைக் கடந்த அவருக்குக் கடைத்தெருவில் பேரம் பேசும் அளவுக்குப் பர்மியம் வரும். உடம்பின் நிலையை மருத்துவரிடம் விவரிக்கும் அளவுக்கு வராது. ஆகவே நடுவில் நான் அமர்ந்து மொழிபெயர்த்தேன். மருத்துவர் கனிவாக, ‘சேய்ப்பூலா?’ என்று கேட்டார். நான் சற்றும் யோசிக்காமல், ‘பயமா இருக்கா அத்தை?’ என்றேன். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, ‘எனக்கென்னப்பா பயம்? நான் யாருக்குப் பயப்படணும்?’ என்றார். இல்லையாம் என்று நான் சொல்ல, மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டு, இரத்த அழுத்த மாத்திரையைத் தொடரும்படி சொல்லி அனுப்பிவிட்டார். பல மாதங்களாக விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க எழுந்து, கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. நான் கேட்ட சொல் பிழை. அதனால் கிடைத்த விடையும் பிழையாயிற்று.

மருத்துவர் சொன்ன பர்மியச் சொல்லையே முதலில் பார்ப்போம். ‘சேய்’ என்பது மனம். ‘பூ’ என்பது சூடு. மனம் சூடாக இருக்கிறதா என்பதே அவர் கேட்ட கேள்வியின் நேர்ப்பொருள். அந்தச் ‘சேய்’ பாலி மொழியின் ‘சித்த’ என்ற சொல்லிலிருந்து பர்மியத்துக்கு வந்தது. நாம் சித்தம் என்று வழங்குவதும் அதன் உறவே. சூடும் நமக்குப் புதிதன்று. மனப்புழுக்கம் என்கிறோம், உள்ளம் வேகிறது என்கிறோம். அன்று நான் ‘மனசு புழுங்குதா அத்தை?’ என்று கேட்டிருந்தாலே போதும், பாதி வழி போயிருப்பேன்.

ஆங்கிலத்தின் ‘ஆங்சைட்டி’ வேறொரு உடல் உணர்விலிருந்து பிறந்தது. அதன் மூலமான இலத்தீன் வினைக்கு நெரித்தல், இறுக்குதல் என்று பொருள். நெஞ்சை இறுக்கும் இதய வலிக்கு வழங்கும் ‘ஆஞ்சைனா’ என்ற பெயரும், ஜெர்மானியரின் ‘ஆங்ஸ்ட்’ என்ற சொல்லும் அதே வேரைச் சேர்ந்தவை. 1895இல் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு பதற்ற நரம்புநோயைப் பொதுவான நரம்புத் தளர்ச்சியிலிருந்து பிரித்துத் தனி நோயாகக் காட்டினார். 1980இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டு நூல் அதை மேலும் பிரித்து, திடீரெனத் தாக்கி அடங்குவதை ஒரு வகையாகவும், நாள்தோறும் நீடித்து அரிப்பதை வேறொரு வகையாகவும் வைத்தது. இந்த வேறுபாடு நமக்கும் தேவை என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

தமிழில் இந்த இடத்தைச் சுற்றிப் பல சொற்கள் நிற்கின்றன. அவற்றுள் மூன்றைப் பிரித்தறிந்துகொண்டால் பெரும்பாலான குழப்பம் நீங்கிவிடும். அச்சம் என்பது கண்ணெதிரே நிற்கும் ஒன்றைப் பற்றியது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்று குறள் சொல்வதால், அச்சம் அறிவோடு சேர்ந்தது, அது நோயன்று. தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை என நான்கைக் கூறுகிறது. தம் இறை என்பது தமக்கு மேல் அதிகாரம் உடையவர். அரசு அலுவலகத்தில் கோப்புடன் காத்து நின்ற எவருக்கும் அந்த நான்காவது இடத்தை விளக்க வேண்டியதில்லை. கவலை என்பது எண்ணத்தின் வேலை. சங்க நூல்களில் இதே வடிவம் கவர்த்துப் பிரியும் வழியையும் குறிக்கிறது. எந்தக் கிளையில் போவது என்று தெரியாமல் நின்று நின்று யோசிக்கும் மனத்துக்கு இதைவிடப் பொருத்தமான படத்தை நான் கண்டதில்லை. பதற்றமோ எண்ணத்தோடு நில்லாமல் உடம்பையும் பற்றிக்கொள்வது. எதற்கென்று சுட்டிக்காட்ட இயலாதபோதும், இனி வரப்போவது தீங்காகவே இருக்கும் என்று உடம்பு முன்கூட்டியே ஓடத் தயாராகிவிடும் நிலை அது. என் அத்தைக்கு அச்சம் இல்லை. அவர் சொன்னது முழு உண்மை. அவருக்கு இருந்தது பதற்றம்.

பதறு என்னும் வினையிலிருந்து பதற்றம் பிறக்கிறது. மாறு மாற்றமாவது போலவும், சீறு சீற்றமாவது போலவும் றகரம் இரட்டித்து வந்த பெயர் இது. பேச்சில் வழங்கும் ‘பதட்டம்’ இதன் திரிபு. எழுத்தில் பதற்றம் என்பதையே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இச்சொல்லுக்கு இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியில் பதறுதல் அவசரத்தைக் குறிக்கிறது; ஆகவே பதறாதே என்று சொன்னால், நிதானமில்லாதவன் என்று கண்டிப்பதாகக் கேட்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். செய்தித்தாள்களோ எல்லையில் பதற்றம், ஊரில் பதற்றம் என்று எழுதி இச்சொல்லை மனிதரிடமிருந்து இடத்துக்கு மாற்றிவிட்டன. இலங்கைத் தமிழர் மனநல எழுத்தில் பதகளிப்பு என்ற சொல்லை ஆள்வது நல்ல வழக்கு. ஆனால் யாங்கூனிலும் மோல்மினிலும் கோவில் வகுப்புகளில் தமிழ் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது பழக்கமில்லாத சொல். மருத்துவக் குறிப்புகளில் மனப்பதற்றம் என்றும், நோயளவுக்கு முற்றியதைப் பதற்றக் கோளாறு என்றும் எழுதுவது நமக்குப் பொருந்தும். ‘டென்ஷன்’ என்ற இரவல் சொல்லை இங்கே தவிர்க்கலாம்; அது எரிச்சல், கோபம், வேலைப்பளு ஆகிய அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது.

உடம்பில் நடப்பதை நம் பேச்சு வழக்கு வியக்கத்தக்க துல்லியத்தோடு பதிந்து வைத்திருக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்தவுடன் அட்ரினலின் என்னும் இயக்குநீர் சுரக்கிறது. இதயம் விரைகிறது, செரிமானம் பின்தள்ளப்படுகிறது, தோல் வியர்க்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, கைகால் வெலவெலக்கிறது என்று நம் பாட்டிமார் சொல்வன யாவும் இவையே.

அன்றாட வாழ்வில் பதற்றத்தைப் பெருக்குவது துன்பத்தைக் காட்டிலும் நிச்சயமின்மைதான். குடும்பப் பட்டியலையும் அடையாள அட்டையையும் புதுப்பிக்கச் செல்பவர் ஞெகிழி உறைக்குள் எல்லாத் தாள்களையும் வைத்துக்கொண்டு, எந்தத் தாளைக் கேட்பார்கள், எப்போது அழைப்பார்கள் என்பது தெரியாமல் காலை முழுதும் நிற்கிறார். பர்மாவின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்மவர் பலருக்குத் தாள் என்பது வெறும் தாள் அன்று; குடியுரிமைக்கான சான்று. கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலையும் அழைக்கும் வரிசையையும் வாசலில் ஒட்டிவைத்தால் அந்தப் பதற்றத்தில் பெரும்பகுதி அங்கேயே குறைந்துவிடும். பள்ளிகளில் இறுதித் தேர்வுக்கும் இதுவே பொருந்தும்: தேர்வு மண்டபத்தை முந்தைய நாளே ஒருமுறை சென்று பார்க்கவிட்ட பிள்ளைக்கு அது மறுநாள் அந்நிய இடமாகத் தோன்றுவதில்லை.

தனி மனிதர் செய்யக்கூடியவையும் உண்டு. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டித்தால் இதயத் துடிப்பு தணியும். தேநீர்க்கடையில் நாள்தோறும் குடிக்கும் கடுந்தேநீரைக் குறைத்தால் படபடப்பும் குறையக்கூடும். அஞ்சிய இடத்துக்குப் போகாமல் ஒதுங்குவது அப்போதைக்கு ஆறுதல் தந்தாலும் பதற்றத்தை வளர்க்கவே செய்யும். சிறிது சிறிதாக அங்கே போய்ப் பழகுவதே அதைக் கரைக்கும். ஆறு மாதங்களுக்கு மேல் பெரும்பாலான நாள்களில் கட்டுக்கடங்காத கவலையும், தூக்கமின்மையும், தசை இறுக்கமும் நீடித்தால் அதைக் குணம் என்றோ கண்ணேறு என்றோ விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேச்சுமுறைச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் அது நன்றாகவே இணங்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் 30 கோடிப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு வகைப் பதற்றக் கோளாறு இருந்தது.

மூன்று வாரம் கழித்து அத்தையை மீண்டும் அழைத்துச் சென்றேன். மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை நான், ‘மனசு பதறுதா அத்தை? நெஞ்சு படபடங்குதா? விடியக்காலையில முழிப்பு வந்துடுதா?’ என்று கேட்டேன். அத்தை உடனே விடை சொல்லவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சிறிது நேரம் இருந்துவிட்டு, ‘அதை ஏன்ப்பா அன்னைக்கே கேக்கலை?’ என்றார். பிறகு பேசத் தொடங்கியவர் கால் மணி நேரம் நிறுத்தவில்லை. மருத்துவரும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.