உம்ராவுக்குப் புறப்படுமுன் உள்ளங்காலைப் பாருங்கள்

ஹஜ்ஜுக்கும், உம்ரா என்கிற சிறிய மக்கா யாத்திரைக்கும் போகிற சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லவென்றே நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். இன்சுலினைக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள், லக்கேஜில் போட்டால் உறைந்து கெட்டுவிடலாம். மெனிஞ்சைட்டிஸ் (மூளையுறை அழற்சி) தடுப்பூசியைச் சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுவிடுங்கள். இப்படி ஊருக்கெல்லாம் சொல்கிறவன், என் உம்மாவை அழைத்துப்போனபோது செருப்பில் கோட்டை விட்டேன்.

உம்மாவுக்குப் பல வருடச் சர்க்கரை. பாதம் மரத்துப்போயிருப்பது எனக்குத் தெரியும். மக்காவில் உம்ராவை முடித்துவிட்டு பள்ளிவாசலைவிட்டு நாங்கள் வெளியே வந்தது வேறொரு வாசல் வழியாக. செருப்போ உள்ளே நுழைந்த வாசலில் கிடந்தது. நல்ல மதியம். "ஹோட்டல் பக்கத்துலதானே வாப்பா, நடந்துடலாம்" என்றார். கஅபாவைச் சுற்றியுள்ள வெள்ளைப் பளிங்கு எந்த வெயிலிலும் சுடாது. அதில் நடந்த தைரியம் எனக்கும் இருந்தது. ஆனால் பளிங்கு முடிந்ததும் தெருத்தரை வந்துவிடுகிறது. நானும் பிள்ளைகளும் சூடு தாங்காமல் குதித்துக் குதித்து ஓடினோம். உம்மா மட்டும் நிதானமாக நடந்து வந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரவு கால் பிடித்துவிட்ட என் மனைவிதான், "மாமி, இது என்ன?" என்று கேட்டாள். பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் கொப்புளம். "வலிக்கவே இல்லையே" என்றார் உம்மா. வலித்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணி வைத்துக் கட்டினேன். மிச்ச நாட்களெல்லாம் சக்கர நாற்காலிதான்.

அதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. நடந்து செய்தால்தான் நன்மை என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். உடல்நலமில்லாத தம் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம், மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் இருந்தபடி தவாஃப் செய்யுமாறு, அதாவது கஅபாவைச் சுற்றி வருமாறு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை எடுத்துச் சொன்ன பிறகுதான் உம்மா இறங்கி வந்தார். மருத்துவர் பேச்சைவிட அதற்கு மதிப்பு அதிகம்!

ஆளுக்கொரு துணிப்பையில் செருப்பைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். பயணத்துக்கென்று புதுச்செருப்பு வாங்குவதாக இருந்தால் சில வாரம் முன்பே வாங்கிப் போட்டுப் பழகுங்கள். இஹ்ராம் என்கிற யாத்திரைக் கட்டுப்பாட்டு நிலையில் பெண்கள் காலுறை அணியலாம், ஆண்கள் அணியக்கூடாது. நோயால் அணிய வேண்டிய ஆண்கள் ஊரிலேயே ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) பரிகாரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை செல்லும் ஓட்டம் மட்டுமே 3 கிலோமீட்டருக்கு மேல். வெறும் வயிற்றில் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு கிளம்பினால் பாதியில் சர்க்கரை இறங்கிவிடும். சட்டென்று வாயில் போட நாலு பேரீச்சம்பழம் கையில் இருக்கட்டும். அன்றைய மருந்தளவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

உம்மாவின் கால் ஆற ஐந்து வாரமானது. இப்போதெல்லாம் உம்ரா என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும், பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றச் சொல்கிறேன்.