மேங்கோவுக்குள் ஒரு காய்

கிருஷ்ணகிரியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் ஆங்கில நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். 'மேங்கோ'வைப் பன்மையாக்க வெறும் 'எஸ்' மட்டும் சேர்த்திருந்தாள். அதைச் சிவப்பு மையில் சுழித்திருந்தார்கள்.

"நான் எழுதினது தப்பா மாமா?"

தப்பே இல்லை. 'இ, எஸ்' சேர்த்து எழுதுவதுதான் பெருவழக்கு. 'எஸ்' மட்டும் போட்டாலும் அகராதிகள் ஏற்கின்றன. பொட்டேட்டோவும் டொமேட்டோவும் 'இ'யைக் கேட்கும், போட்டோவும் பியானோவும் கேட்காது. மேங்கோ இரண்டு பக்கமும் போகும். ஒலியில் வேறுபாடு கிடையாது. எண்ணக்கூடிய முழுப் பழத்துக்குத்தான் இந்தப் பன்மை விகுதியெல்லாம். அறுத்துத் துண்டு போட்டாலோ கூழாக்கினாலோ அது வெறும் மேங்கோதான், சோறு, தண்ணீர் போல.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஆங்கிலத்தில் ட்ரீ, ஜூஸ் என்று எது வந்து ஒட்டினாலும் மேங்கோ உருமாறாது. நம் 'மா' அப்படியா? மாங்காய், மாஞ்சோலை, மாந்தோப்பு, மாம்பழம். வருகிற எழுத்தைப் பார்த்து நடுவில் ஒரு மெல்லினம் முளைக்கிறது. 'ப' சொல்ல உதடுகள் மூட வேண்டும். 'ம்' பிறப்பதும் அதே உதட்டில். 'த'வுக்கும் 'ந்'துக்கும் நுனிநாக்கு பல்லைத் தொடும். 'க'வுக்கும் 'ங்'குக்கும் அடிநாக்கு மேலே எழும். அடுத்த ஒலிக்கு வாய் எந்த இடத்தில் மூடப்போகிறதோ, அதே இடத்தில் மூடிக்கொண்டு மூச்சை மூக்கு வழியாக விட்டால் அந்த மெல்லினம் வந்துவிடும். மரப்பெயர்கள் சிலவற்றை அடுத்து இப்படி இன எழுத்து தோன்றும் என்று நன்னூல் அன்றே விதி சொல்லியிருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்குகின்றன. தெலுங்குக்காரர் 'மாமிடிகாய', 'மாமிடி பண்டு' என்பார். கன்னடக்காரர் 'மாவினகாயி', 'மாவின ஹண்ணு' என்பார். இரண்டிலும் காய்க்கும் பழத்துக்கும் முன்சொல் ஒன்றுதான்.

1498இல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்திறங்கிய போர்த்துக்கீசியர், தமிழில் மாங்காய், மலையாளத்தில் மாங்ங என்று வழங்கிய சொல்லைத் தங்கள் மொழிக்கு எடுத்துக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அது ஆங்கிலத்துக்கும் போய்ச் சேர்ந்தது. போனது 'மா' மட்டும் அல்ல. காய் வருகிறதே என்று முளைத்த 'ங்'கும், காயின் 'க'வும் சேர்ந்தே போயின. அந்தப் புணர்ச்சி மேங்கோவுக்குள் அப்படியே உறைந்து கிடக்கிறது. பழுத்த தோத்தாபுரி ரக மாம்பழத்தைக் கூழாக்கி, எங்கள் ஊர் ஆலைகளிலிருந்து பேரல் பேரலாக ஏற்றுமதி செய்கிறார்கள். அதன் மேல் 'மேங்கோ' என்று ஒட்டினால், சொல்லின் பிறப்புப்படி அது காய்தான்.

அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு அது பெரும்பாலும் காயாகத்தான் கிடைத்தது. பழம் மாதக்கணக்கான கப்பல் பயணத்தைத் தாங்காது; உப்பிலும் காடியிலும் ஊறிய மாங்காய் தாங்கும். அதனால் ஊறுகாய் என்ற பொருளும் மேங்கோவுக்கு வந்தது, ஊறுகாய் போடுவது என்ற வினைச்சொல்லாகவும் அது மாறியது. முலாம்பழத்தையும், அமெரிக்காவில் குடைமிளகாயையும் கூட 'மேங்கோ' செய்தார்கள்.