முசாக்காவும் முக்கால் கப் எண்ணெயும்

நான் மெல்போர்னில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். கிரேக்க நாட்டுக்கு வெளியே கிரேக்கர்கள் மிக அதிகமாக வாழும் நகரங்களில் இதுவும் ஒன்று. 1950, 60களில் கப்பலேறி வந்தவர்கள் இப்போது எண்பதை ஒட்டிய வயதில், கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு என் எதிரே வந்து உட்காருகிறார்கள். பெரும்பாலும் சர்க்கரை, கூடவே ரத்தக்கொதிப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாரிடமும் ஒரே பாட்டுத்தான் பாடினேன்: எண்ணெயைக் குறையுங்கள். கலமாதா பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு பாட்டி, ஒரு கிலோ பீன்ஸுக்கு முக்கால் கப் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவதாகச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிரேக்க மொழியில் பாட்டியை யாயா என்பார்கள்; நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். "ரெண்டு ஸ்பூன் போதும் யாயா" என்று அனுப்பிவைத்தேன்.

அடுத்த முறை வந்தபோது டப்பாவில் அந்த இரண்டு ஸ்பூன் பீன்ஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "சாப்பிட்டுப் பார், பெதி மு" என்றார். என் பிள்ளை என்று அர்த்தம். சாப்பிட்டேன். தக்காளித் தண்ணீரில் வெந்த பீன்ஸ், வேறு ஒன்றும் இல்லை. "இது தொண்டையில் இறங்கவில்லை. ராத்திரி பசித்தது. மகன் கடையில் வாங்கி வைத்திருந்த சீஸ் பஃப் இரண்டைச் சாப்பிட்டுப் படுத்தேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் சமைப்பது லாதெரா வகை. லாதி என்றால் எண்ணெய். பீன்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய், பட்டாணி என எதுவாக இருந்தாலும் வெங்காயம், தக்காளி, பார்ஸ்லி சேர்த்து, மூடி போட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரம். தண்ணீரெல்லாம் வற்றி, காய் தன் எண்ணெயோடு மட்டும் நிற்க வேண்டும் என்பார்கள். நம் வீட்டில் எண்ணெய் பிரிந்து மேலே வரட்டும் என்று சொல்வோமே, அதே பக்குவம்தான். இதைத் தொட்டுக்கொள்ள அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. இதுவே சாப்பாடு, தொட்டுக்கொள்வதற்கு ரொட்டி.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். முக்கால் கப் எண்ணெய் கிட்டத்தட்ட 1,450 கலோரி. நான்கு பேர் சாப்பிட்டால் தலைக்கு 360 சொச்சம். வேறு இறைச்சி இல்லாத மதியச் சாப்பாட்டில் இது பெரிய குற்றமில்லை. உணவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைப் பார்க்க, 1950களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், கிரேக்கத்தின் கிரீட் தீவு ஆண்களின் கலோரியில் சுமார் 40 சதவீதம் கொழுப்பிலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு ஆலிவ் எண்ணெய். அப்படியும் மாரடைப்புச் சாவு மற்ற நாடுகளைவிட அவர்களிடம் மிகக் குறைவு. ஆனால் அவர்கள் நாள் முழுக்க மலைச்சரிவில் நடந்து வேலை செய்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முழங்கால் தேய்ந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதே அளவு பொருந்தாது.

அதனால் யாயாவும் நானும் ஐந்து மேசைக்கரண்டியில் உடன்பட்டோம். வெங்காயம் வதக்க இரண்டு. மீதி மூன்றை அடுப்பை அணைக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஊற்றுவது. கடைசியில் ஊற்றும் எண்ணெயின் மணம் அப்படியே நிற்பதால் நாக்குக்குக் குறைவு தெரிவதில்லை. ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில் இந்தப் பீன்ஸைத் துணைக்கு வைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மூன்று கரண்டி.

உண்மையில் கை வைக்க வேண்டிய இடம் முசாக்கா. கத்தரிக்காயையும் கொத்துக்கறியையும் அடுக்கி, மேலே வெள்ளைச் சாஸ் ஊற்றிச் சுடுவது அது. கிரேக்கர்களுக்கே ஆதிகாலத்து உணவு போலத் தோன்றும் அந்த வெள்ளைச் சாஸ் மேல்மூடி அவ்வளவு பழையதல்ல. சிஃப்னோஸ் தீவைச் சேர்ந்த நிக்கோலாவோஸ் செலமெந்தேஸ் என்ற சமையல்காரர், போன நூற்றாண்டின் முற்பகுதியில், பிரெஞ்சு முறையைப் பின்பற்றிப் பரப்பியது அது. அவர் எழுதிய சமையல் புத்தகம் வீட்டுக்கு வீடு போய், கடைசியில் அவர் பெயரே சமையல் புத்தகத்துக்கு இன்னொரு சொல்லாகிவிட்டது. ஒரு பெரிய ட்ரே முசாக்காவின் சாஸுக்கு ஒரு லிட்டர் பால், நூறு கிராமுக்கு மேல் வெண்ணெய், மைதா, மேலே துருவிய சீஸ். அடியில், எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய். கத்தரிக்காய் எண்ணெயைக் குடிப்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் சொல்லித் தருவது இது. கத்தரிக்காயை ஒரு விரல் தடிமனில் வட்டமாக நறுக்கி, இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் எண்ணெய் தடவி, 200 டிகிரி அவனில் அரை மணி நேரம், நடுவில் ஒரு முறை திருப்பி வைத்து. கொத்துக்கறியில் பாதியை எடுத்துவிட்டு, வேகவைத்த முழு மைசூர்ப் பருப்பு. பட்டை சேர்த்த தக்காளியில் சுண்டும்போது எது கறி, எது பருப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெள்ளைச் சாஸுக்குப் பதில், 400 கிராம் கெட்டி கிரேக்கத் தயிரில் இரண்டு முட்டை, ஒரு கரண்டி மைதா, கொஞ்சம் ஜாதிக்காய், ஒரு பிடி சீஸ். மைதாவை மறந்தால் தயிர் திரிந்துவிடும். முதல் முறை நான் புத்திசாலித்தனமாகக் கொழுப்பே இல்லாத தயிரில், மைதா இல்லாமல் செய்தேன். மேலே குளம் கட்டி நின்றது. அவனிலிருந்து எடுத்ததும் வெட்டாமல் அரை மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் துண்டு நிற்காது, சரிந்துவிடும்.

மெல்லிய மாவுத்தாள்களுக்கு நடுவே கீரையும் சீஸும் வைத்துச் சுடும் ஸ்பனக்கோப்பித்தாவுக்குச் சுருக்கமாக: அடியில் மாவுத்தாள் வேண்டாம், மேலே மட்டும் நான்கைந்து தாள். வெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய். கீரையை இரண்டு மடங்காக்குங்கள், சீஸைப் பாதியாக்குங்கள்.

சரி, உப்பு. எண்ணெயைப் பார்த்து மிரளும் யாரும் இதைக் கவனிப்பதில்லை. ஃபெட்டா உப்புநீரிலேயே வாழும் சீஸ்; 100 கிராமில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே ஐந்து கிராமுக்குக் கீழே இருக்கச் சொல்கிறது. அதோடு ஆலிவ், கேப்பர் என்ற ஊறுகாய் மொட்டு, உப்புநீரில் போட்ட திராட்சை இலை, போதாததற்கு ரொட்டி. சாலட் மேல் செங்கல் போல ஒரு கட்டி ஃபெட்டாவை வைப்பது படத்துக்கு அழகு. வீட்டில் தீப்பெட்டி அளவு போதும், உதிர்த்துத் தூவினால் எல்லா வாயிலும் கிடைக்கும். சாலட்டில் தனியாக உப்பு வேண்டாம். ஃபெட்டாவைத் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பு கொஞ்சம் இறங்கும். திராட்சை இலையை வெந்நீரில் அலசுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. ஹோர்த்தா என்பது வேகவைத்த காட்டுக்கீரை. எலுமிச்சையும் எண்ணெயும் விட்டுச் சாப்பிடுவார்கள். இதைவிட நல்ல உணவைக் காட்டுவது கஷ்டம். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் ஒரு வாரம் குவித்துச் சாப்பிட்டு, மறு வாரம் தொடாமல் இருக்கக் கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையை மாற்றிவிடும். நிறுத்த வேண்டாம், அளவு சீராக இருக்கட்டும், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று பெயர்க் குழப்பம். சாண்டோரினித் தீவில் புகழ்பெற்ற ஃபாவா, மஞ்சள் பருப்பை மசித்துச் செய்வது. ஆங்கிலத்தில் ஃபாவா பீன்ஸ் எனப்படுவது வேறு; அதைக் கிரேக்கர்கள் கூக்கியா என்பார்கள். ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்குக் கூக்கியா ஆகாது, ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். கிரேக்கத்தில் இந்தக் குறைபாடு அபூர்வமானதல்ல. வீட்டில் யாருக்காவது இருந்தால் சமையல் குறிப்பின் பெயரை நம்பாமல் பருப்பைப் பாருங்கள்.

இதெல்லாம் புது உணவுமுறை என்று நினைத்து நான் விளக்கிக்கொண்டிருந்தபோது யாயா சிரித்துவிட்டார். அவர்கள் ஊரில் புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு என்று, முழுதாகக் கடைப்பிடிப்பவருக்கு வருஷத்தில் பாதி நாள் இறைச்சியும் பாலும் முட்டையும் கிடையாது. அந்த நாட்களில் அவித்த பயறும் கீரையும்தான். "நீ சொல்வதை எங்கள் பாதிரியார் எப்போதோ சொல்லிவிட்டார்" என்றார்.

மூன்று மாதம் கழித்து அவருடைய சர்க்கரை இறங்கியிருந்தது, ரத்த அழுத்தம் இறங்கவில்லை. என்னவென்று துருவித் துருவிக் கேட்டேன். ஃபெட்டாவை ஊறவைக்கிறீர்களா? ஊறவைக்கிறேன். ராத்திரி முழுக்க? ராத்திரி முழுக்க. அப்புறம் அந்தத் தண்ணீர்? "அதை ஏன் வீணாக்க வேண்டும்? காலையில் பீன்ஸ் சூப்பில் ஊற்றிவிடுவேன்."