ஈக்விட்டி – ஒப்புரவு

இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் பூங்கா நிர்வாகங்களும், படிப்பை முடித்துவிட்டு முதல் வேலை தேடும் இளையோருக்காக வெளியிடும் அறிவிப்புகளில், ‘ஈக்விட்டி’ என்னும் சொல் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. ‘அவுட்டோர் ஈக்விட்டி ஃபெலோ’, ‘ஈக்விட்டபிள் ஆக்சஸ் இன்டர்ன்’ போன்ற பதவிப் பெயர்களைப் பார்க்கும் தமிழ் வாசகர் இருவகையாகத் தடுமாறக்கூடும். பங்குச்சந்தைச் செய்திகளில் பழகியவருக்கு ஈக்விட்டி என்பது நிறுவனப் பங்கு. அகராதியைப் புரட்டுபவருக்கோ அது ‘சமத்துவம்’ என்று கிடைக்கும். முதற்பொருள் இங்கே பொருந்தாது என்பது வெளிப்படை. இரண்டாவது பொருந்துவது போலத் தோன்றி, அந்த வேலையின் உள்ளடக்கத்தையே மறைத்துவிடுவதால், அதுதான் கூடுதல் சிக்கலைத் தருகிறது.

சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ள ‘ஈக்வுஸ்’. மேடுபள்ளமில்லாத, மட்டமான, நடுநிலையான என்பன அதன் பொருள்கள். அதிலிருந்து ‘ஈக்விட்டாஸ்’ என்னும் பண்புப்பெயர் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஈக்வாலிட்டி, ஈக்விட்டி ஆகிய இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதால் இரண்டையும் தமிழில் சமத்துவம் என்று எழுதிவிடும் பழக்கம் நேர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஒரே வேரிலிருந்து கிளம்பினாலும், ஈக்விட்டி நடந்த வழி வேறு.

அந்த வழியைத் தெளிவாக வகுத்துத் தந்தவர் அரிஸ்டாட்டில். சட்டம் எப்போதும் பொதுவாகவே பேச முடியும். வாழ்க்கையில் நேரும் நிகழ்வுகளோ தனித்தனியானவை. ஆகவே பொதுவிதி ஒருவருடைய நிலைமைக்குப் பொருந்தாமல் தவறும் இடத்தில், அவ்விதியை இயற்றியவர் இங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதைச் சொல்லித் திருத்துவதே ‘எபியைக்கியா’ (நியாய உணர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்) என்றார் அவர். லெஸ்பாஸ் தீவுக் கட்டடக் கலைஞர்கள் பயன்படுத்திய ஈய அளவுகோலை அவர் இதற்கு உவமையாக்கினார். மரக்கோலோ இரும்புக்கோலோ கல்லின் வடிவத்துக்கு வளையாது. ஈயக்கோல் கல்லோடு ஒட்டி வளைந்து அளக்கும். இந்தக் கிரேக்கக் கருத்து பிற்காலத்தில் லத்தீன் ஈக்விட்டாஸ் என்னும் சொல்லின்மேல் வந்து படிந்தது.

இங்கிலாந்தில் அது ஒரு நீதிமன்ற முறையாகவே வளர்ந்தது. பொதுச்சட்ட நீதிமன்றங்களின் கறாரான விதிகளால் நியாயம் கிடைக்காதவர்கள் அரசரின் உயர் அதிகாரியான சான்சலரிடம் முறையிட்டார்கள். அங்கே வழங்கப்பட்ட தீர்வுகளின் தொகுதி ஈக்விட்டி எனப்பட்டது. 1873, 1875 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இரு முறைகளையும் ஒரே நீதிமன்ற அமைப்புக்குள் கொண்டுவந்தன. பங்குச்சந்தைப் பொருளும் இந்த நீதிமன்றத்தில் பிறந்ததுதான். நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர் குறித்த நாளில் பணத்தைத் திருப்பிக் கட்டாவிட்டால், பொதுச்சட்டத்தின்படி நிலம் கைவிட்டுப் போய்விடும். நாள் கடந்தாலும் கடனை அடைத்து நிலத்தை மீட்டுக்கொள்ளலாம் என்று சான்சலரின் நீதிமன்றம் அனுமதித்தது. அந்த மீட்புரிமைக்கு ஈக்விட்டி என்று பெயர் வந்து, பிறகு கடன் போக உரிமையாளருக்கு எஞ்சும் மதிப்புக்கும், அங்கிருந்து நிறுவனத்தில் உரிமையாளர் வைத்திருக்கும் பங்குக்கும் அதே பெயர் பரவியது. ஆகவே பங்குத்தரகர் சொல்லும் ஈக்விட்டியும் பூங்கா அறிவிப்பில் வரும் ஈக்விட்டியும் ஒலியால் தற்செயலாக ஒத்துப்போன இரு சொற்கள் அல்ல, ஒரே தாயின் பிள்ளைகள். இருந்தாலும் தமிழில் முன்னதற்குப் ‘பங்கு’ நிலைபெற்றுவிட்டது. அதைத் தொடத் தேவையில்லை.

இயற்கைவெளித் துறைக்கு இச்சொல் ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள அமெரிக்க வரலாற்றில் ஒரு நிகழ்வே போதுமானது. 1930களில் பொருளாதாரம் சரிந்து கிடந்த பெருமந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களைக் காடு வளர்ப்பிலும் பூங்காப் பணிகளிலும் ஈடுபடுத்த 1933இல் ‘சிவிலியன் கன்சர்வேஷன் கோர்’ என்னும் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. 1942 வரை இயங்கிய அதில் ஏறத்தாழ 30 லட்சம் இளைஞர்கள் பணியாற்றினார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் பெரும்பகுதி வீட்டுக்கு அனுப்பப்பட்டது. இனம், நிறம், சமயம் ஆகியவற்றின் அடிப்படையில் யாரையும் வேறுபடுத்தக் கூடாது என்று அதைத் தோற்றுவித்த சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. சொல்லளவில் அது முழுமையான சமத்துவம். நடைமுறையில் கறுப்பின இளைஞர்களுக்குத் தனி முகாம்கள் அமைக்கப்பட்டன. 1935 முதல் அந்தப் பிரிவினை பொதுக்கொள்கையாகவே ஆனது. பெண்களுக்கு அப்படையில் இடமே இருக்கவில்லை. அதே காலத்தில், வர்ஜீனியா மாநிலத்தின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் லூயிஸ் மவுன்டன் என்னும் பகுதி கறுப்பின மக்களுக்கென 1939இல் தனியாகத் திறக்கப்பட்டது. பூங்கா அனைவருக்கும் உரியது என்று சொல்லிக்கொண்டே, எங்கே உணவருந்தலாம், எங்கே இரவு தங்கலாம் என்பதற்கு நிறத்தைப் பார்த்துக் கோடு போட்டார்கள்.

அந்தக் கோடுகள் பின்னர் அழிக்கப்பட்டன. ஆனால் ஒருமுறை விலக்கப்பட்ட குடும்பங்களுக்கு மலையேறும் பழக்கமோ, கூடாரமோ, பூங்கா வேலை ஒரு வாழ்க்கைத்தொழில் என்ற எண்ணமோ தலைமுறை வழியாக வந்து சேரவில்லை. வாயிற்கதவைத் திறந்துவிட்டால் போதும் என்பது சமத்துவத்தின் வாதம்; கதவுவரை வந்து சேருவதற்கு யாருக்கு வழி இருக்கிறது என்று கேட்பது ஈக்விட்டியின் வாதம். நான்காம் வகுப்பு மாணவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் கூட்டாட்சிப் பூங்காக்களில் ஓராண்டு இலவச நுழைவு தரும் திட்டத்தை அமெரிக்க அரசு 2015இல் தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆயினும் கார் இல்லாத குடும்பத்துக்கு நுழைவுச்சீட்டின் விலை ஒருபோதும் முதல் தடையாக இருந்ததில்லை. 2019இல் நியூ மெக்சிகோ மாநிலம் இளையோரின் இயற்கைவெளிப் பயணங்களுக்கு நிதியளிக்க ஒரு தனி நிதியத்தைச் சட்டத்தின் மூலம் உருவாக்கி, அதற்கு ‘அவுட்டோர் ஈக்விட்டி’ நிதியம் என்றே பெயரிட்டது. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவும் அதே சொற்றொடரைத் தாங்கிய மானியத் திட்டம் ஒன்றுக்குச் சட்டம் இயற்றியது. வேலை அறிவிப்புகளில் இச்சொல் பெருகியதற்கு இத்தகைய நிதி ஏற்பாடுகளும் ஒரு காரணம் என்று கருதலாம். நிதி எந்தப் பெயரில் வருகிறதோ, பதவியும் அந்தப் பெயரைச் சூடிக்கொள்வது எங்கும் காணும் இயல்பு.

இந்த வேறுபாட்டை விளக்க, வேலிக்குப் பின்னால் பெட்டிகளின்மேல் ஏறி நின்று விளையாட்டுப் பார்க்கும் மூவரின் படம் ஒன்று இணையத்தில் மிகுதியாகப் பரவியிருக்கிறது. உயரம் குறைந்தவருக்குக் கூடுதல் பெட்டி தருவதுதான் ஈக்விட்டி என்பது அதன் பாடம். அந்தப் படத்தில் ஒரு குறை உண்டு. உயரக்குறைவு பிறவியில் வருவது; குறை அந்த மனிதரிடமே இருப்பதுபோல் படம் காட்டுகிறது. லூயிஸ் மவுன்டனில் யாரும் குட்டையாகப் பிறக்கவில்லை, நிலத்தைத்தான் மேடுபள்ளமாக்கினார்கள். மட்டமான நிலம் என்ற லத்தீன் வேர்ப்பொருள் படத்தைவிட இதைத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது.

இனித் தமிழ்ச் சொல். சமத்துவம், சமநீதி, நேர்மை, நிகர்மை, ஒப்புரவு ஆகியவை ஈக்விட்டிக்கு நிகராக முன்வைக்கத்தக்கவை. சமத்துவத்தை ஈக்வாலிட்டிக்கே விட்டுவிட வேண்டும்; இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால், இரண்டையும் வேறுபடுத்துவதற்காகவே எழுதப்பட்ட வாக்கியங்கள் தமிழில் பொருளற்றுப் போகும். நேர்மை என்பது இன்றைய வழக்கில் தனிமனிதரின் வாய்மையையே சுட்டுகிறது. நிகர்மை நல்ல சொல்லாயினும் அளவில் சமமாயிருத்தலைத்தான் முன்னிறுத்துகிறது. சமநீதி வலுவான போட்டியாளர். உரிமைக்குரல் அதில் ஒலிக்கிறது. கேட்டவுடன் விளங்கவும் செய்கிறது. ஆனால் சமூகநீதி, சுற்றுச்சூழல் நீதி ஆகிய சொற்கள் வேறு கருத்துகளுக்கு ஏற்கெனவே நிலைபெற்றிருக்கையில், மூன்றும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்து வரும்போது வாசகர் குழம்புவார்.

ஒப்புரவு என்பதே பொருத்தமானது என்பது என் கருத்து. ஒத்தல் என்னும் வினையோடு உறவுடைய இச்சொல்லுக்குச் சமம், முறைமை, ஒற்றுமை, உதவி என்று பல பொருள்கள் வழங்கிவந்திருக்கின்றன. திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’. அத்தலைப்பில் ‘அறிதல்’ ஏன் வந்தது என்பதற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் இங்கே நின்று நோக்கத் தக்கது: ஒப்புரவாகிய உலகநடை என்பது வேதநடை போல அறநூல்களில் விதியாகச் சொல்லப்படாமல், ஒருவர் தாமே அறிந்து செய்யும் தன்மையுடையது என்கிறார் அவர். எழுதப்பட்ட விதி எட்டாத இடத்தில் நிலைமையை அறிந்து செய்வது என்னும் இக்கருத்து, அரிஸ்டாட்டிலின் ஈயக்கோலுக்கு வியப்பூட்டும் அளவுக்கு அருகில் நிற்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. தொடர்பின்றியே இரு மரபுகளும் ஒரே தேவையை உணர்ந்திருக்கின்றன என்பதே போதும். மேலும், அந்த அதிகாரம் உவமையாக எடுத்தாள்பவை மழை, ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்து மரம் ஆகியவை. அனைத்தும் இயற்கையோடு இணைந்தவை, யார் வேண்டுமானாலும் அணுகக்கூடியவை. இயற்கைவெளி அணுகலைப் பற்றிப் பேசும் துறைக்கு இதைவிடப் பொருத்தமான பின்புலத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

மறுப்புகள் இரண்டு உண்டு. கிறித்தவ வழக்கில் ஒப்புரவு என்பது பகை தீர்ந்து இணங்குதலைக் குறிக்கிறது. ஒப்புரவு அருட்சாதனம் என்ற தொடர் பலருக்குப் பழக்கமானது. இதைச் சூழல் தீர்த்துவிடும் என்று நம்பலாம். இரண்டாவது மறுப்பு கனமானது. குறளில் ஒப்புரவு செய்பவர் செல்வர். பெறுபவருக்கு அதன்மேல் உரிமை உண்டென்று அங்கே சொல்லப்படவில்லை. ஈக்விட்டியோ ஈகையன்று. ஆனால், கைம்மாறு வேண்டாத ‘கடப்பாடு’ என்றே அதிகாரத்தின் முதற்குறள் தொடங்குகிறது. அதாவது அது கொடுப்பவரின் விருப்பமாக வைக்கப்படவில்லை, கடமையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவரின் கடமை இருக்கும் இடத்தில் மற்றவரின் உரிமையைப் பேசுவதற்கு இடம் கிடைத்துவிடுகிறது. பழஞ்சொல் ஒன்றைப் புதுப்பொருளுக்கு நீட்டுவதென்பது இவ்வளவு நெகிழ்வை எப்போதும் கேட்கும்.

இதனோடு சேர்ந்து வரும் சொற்களையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘அவுட்டோர்’ என்பதைத் திறந்தவெளி என்று எழுதுவது பரவலான வழக்கம். அச்சொல் அரங்கோடும் சிறையோடும் சேர்ந்து பழகிவிட்டதால், காடு, கடற்கரை, மலை, நகரப் பூங்கா எல்லாவற்றையும் தழுவும் ‘இயற்கைவெளி’ என்பதே மேல். ‘ஆக்சஸ்’ அணுகல், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியைக் குறிக்கும்போது அணுகல்தன்மை. ‘யூத் என்கேஜ்மென்ட்’ இளையோர் ஈடுபாடு. ‘இன்டர்ன்ஷிப்’ என்பதற்கு உள்ளகப் பயிற்சி, உள்ளுறைப் பயிற்சி ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. எதை எடுத்தாலும் குறையில்லை. ‘ஃபெலோஷிப்’ ஆய்வுத்துறையில் ஆய்வுதவித்தொகை எனப்பட்டாலும், களப்பணிக்கு அது பொருந்தாது. உதவித்தொகையுடன் கூடிய பணிநிலை என்று விரித்தெழுதுவதே நலம்.

ஒப்புரவு என்னும் சொல் அறிவிப்பில் வெறும் அலங்காரமா, வேலையின் கூறா என்பதைச் சம்பளப் பகுதியைக் கொண்டே கண்டறியலாம். இத்துறையில் நெடுங்காலமாக நுழைவாயிலாக இருந்துவந்தது ஊதியமற்ற தன்னார்வப் பணி. அமெரிக்காவில் 1957இல் களப்பணியைத் தொடங்கிய மாணவர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், ஒரு கல்லூரி மாணவி 1955இல் தம் இளநிலை ஆய்வேட்டில் முன்வைத்த திட்டத்திலிருந்து பிறந்தது. மாணவர்கள் பூங்காக்களுக்குத் தன்னார்வலராகச் சென்று உழைக்கலாம் என்பதே அதன் சாரம். உன்னதமான ஏற்பாடு அது. ஆனால் கோடைவிடுமுறையில் சம்பாதித்தே அடுத்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டவேண்டிய மாணவரால் ஊதியமின்றி மலைப்பாதை செப்பனிடப் போக முடியாது. அனுபவம் இல்லாததால் பின்னர் ஊதியமுள்ள பணியும் அவருக்குக் கிடைக்காது. அறிவிப்பு அனைவரையும் வரவேற்கிறது. வரக்கூடியவர்களோ ஏற்கெனவே வசதியுள்ளவர்கள். 1970இல் அமெரிக்காவில் சட்டமான இளையோர் பாதுகாப்புப் படை, 15 முதல் 18 வயதினருக்கு ஊதியத்துடன் கோடைகால வேலை தந்தபோது அந்தத் தடையில் ஒரு பகுதி நீங்கியது.

ஆகவே விண்ணப்பிப்பவர் பார்க்க வேண்டியவை உதவித்தொகையின் அளவு, தங்குமிடம், பணியிடத்துக்குப் போக்குவரத்து, காலணியும் மழைச்சட்டையும் யார் தருவது, ஓட்டுநர் உரிமம் உண்மையிலேயே தேவையா, பட்டத்துக்கு ஈடாகச் சமூகப்பணி அனுபவத்தை ஏற்கிறார்களா என்பன. இவற்றுக்கு விடை தரும் அறிவிப்பில் ‘ஈக்விட்டபிள் அவுட்டோர் ஆக்சஸ்’ என்பதை ‘ஒப்புரவான இயற்கைவெளி அணுகல்’ என்றும், பதவியை ‘இயற்கைவெளி ஒப்புரவுப் பயிற்சியாளர்’ என்றும் எழுதலாம். முதன்முறை வரும் இடத்தில், அவரவர் நிலைமைக்கு ஏற்பத் தடைகளை நீக்கித் தருதல் என்று அரைவரி விளக்கம் சேர்ப்பது நல்லது. மேற்கண்டவற்றுள் ஒன்றுமே இல்லாமல், எவரும் விண்ணப்பிக்கலாம் என்று மட்டும் சொல்லும் அறிவிப்புக்கு ‘சமவாய்ப்பு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.