ஒற்றை அறை வீட்டில் சளிக்காய்ச்சல் எப்படிப் பரவுகிறது?

ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர் காற்றை உள்ளிழுத்து வெளிவிடுகிறார். எட்டு மணி நேர உறக்கத்தில் இது கிட்டத்தட்ட 3 கன மீட்டராகிவிடும். 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட ஓர் அறையின் கொள்ளளவு 22.5 கன மீட்டர்தான். அந்த அறையில் ஐந்து பேர் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு படுத்தால், விடிவதற்குள் அறையின் கொள்ளளவில் பாதிக்கும் மேலான காற்று அவர்களுடைய நுரையீரல்களுக்குள் சென்று திரும்பியிருக்கும். ஏழைக் குடும்பங்களில் சளிக்காய்ச்சல் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஏன் இவ்வளவு எளிதாகத் தாவுகிறது என்பதற்கான விளக்கத்தை இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். சுத்தக் குறைவு என்று சொல்லி அந்தக் குடும்பங்களின் மீது பழி போடுவது பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுவதாகும்.

இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் துளிகளின் அளவு பலவகைப்படும். 100 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துளி சில நொடிகளில் தரையில் விழுந்துவிடும். 5 மைக்ரோமீட்டர் துளி ஆள் உயரத்திலிருந்து அசைவற்ற காற்றில் கீழிறங்க அரை மணி நேரம் ஆகும். 1 மைக்ரோமீட்டர் துளியோ பத்து மணி நேரத்துக்கும் மேல் மிதந்துகொண்டிருக்கும். ஆகவே, பெரிய துளிகளிலிருந்து சில அடி தூரம் விலகித் தப்பிக்கலாமே தவிர, நுண்துளிகளைக் காற்றோட்டத்தால்தான் வெளியேற்ற முடியும். காற்றோட்டம் போதுமா என்பதைக் கார்பன் டை ஆக்சைடு காட்டிக்கொடுக்கும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் உள்ளது; நாம் வெளிவிடும் மூச்சில் ஏறக்குறைய 40,000 பங்கு. ஓர் அறையில் 2,400 பங்கு பதிவானால், அங்கே இழுக்கும் காற்றில் இருபதில் ஒரு பங்கு ஏற்கெனவே ஒருவர் மூச்சுவிட்ட காற்று என்று பொருள். (அடுப்பு எரியும்போது இந்தக் கணக்கு செல்லாது, ஏனெனில் நெருப்பும் அதே வாயுவை வெளியிடுகிறது.)

வைரஸ் வீட்டுக்குள் நுழையும் வழியைத் தென்னாப்பிரிக்காவிலும் கென்யாவிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் மிகத் தெளிவாகக் காட்டின. தென்னாப்பிரிக்காவில் 2017, 2018 ஆண்டுகளில் ஒரு நகர்ப்புறச் சமூகத்திலும் ஒரு கிராமப்புறச் சமூகத்திலுமாக 225 வீடுகளைச் சேர்ந்தவர்களிடம், நோய் அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாரம் இருமுறை மூக்கிலிருந்து மாதிரி எடுத்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் நான்கு வீடுகளில் சளிக்காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் நுழைந்திருந்தது. ஆனால் தொற்றியவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கே அறிகுறிகள் தென்பட்டன. அறிகுறியே இல்லாதவர்களும் தம் வீட்டாரில் சுமார் 6 சதவீதத்தினருக்குத் தொற்றைக் கடத்தியிருந்தார்கள். கென்யாவின் கிலிஃபி பகுதியில் 2009–10இல் கைக்குழந்தை உள்ள வீடுகளில், சளியையும் இருமலையும் உண்டாக்கும் மற்றொரு வைரஸான ஆர்எஸ்வியைப் பின்தொடர்ந்தபோது, தொற்றிய குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவை வீட்டுக்குள்ளேயே அதைப் பெற்றன என்பதும், அதைக் கொண்டுவந்தது பெரும்பாலும் அண்ணனோ அக்காவோ என்பதும் தெரியவந்தது. தம்பியையோ தங்கையையோ இடுப்பில் தூக்கி விளையாட்டுக் காட்டும் அந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுவதுகூட யார் கண்ணிலும் பட்டிருக்காது. சிறு குழந்தையின் குறுகலான மூச்சுக்குழாய்களில்தான் இதே வைரஸ் உயிருக்கே ஆபத்தாகிறது.

வீட்டில் ஆட்கள் அதிகம் இருப்பதே காரணம் என்றும் எளிதில் முடிவுகட்டிவிட முடியாது. 2009ஆம் ஆண்டில் எச்1என்1 என்ற இன்ஃப்ளூயன்ஸா வகை (பன்றிக் காய்ச்சல்) பரவியபோது அமெரிக்க வீடுகளில் செய்த ஆய்வில், இருவர் மட்டுமே உள்ள வீட்டில் மற்றவருக்கு நோய் வரும் வாய்ப்பு 28 சதவீதமாகவும், ஆறு பேர் உள்ள வீட்டில் தலைக்கு 9 சதவீதமாகவும் இருந்தது. ஆட்களின் எண்ணிக்கையைவிட, அவர்கள் எத்தனை அறைகளில் எத்தனை மணி நேரம் சேர்ந்திருக்கிறார்கள் என்பதே முக்கியம் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஓர் அறைக்கு மூவருக்கு மேல் வசித்தால் அதை நெரிசல் என்று ஐ.நா. குடியிருப்பு அமைப்பு வரையறுக்கிறது. ‘நோயாளி தனி அறையில் இருக்க வேண்டும்’ என்ற அறிவுரையை அப்படிப்பட்ட வீட்டில் எங்கே நிறைவேற்றுவது?

கை கழுவுவதன் பயனும் அதை எப்போது தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. கராச்சியின் குடிசைப் பகுதிகளில் வாரந்தோறும் சோப்பு கொடுத்துக் கை கழுவும் பழக்கத்தை ஊக்குவித்தபோது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா பாதியாகக் குறைந்தது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. வங்கதேசக் கிராமங்களில், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்ட பிறகு இதே முயற்சியைத் தொடங்கியபோது வீட்டுக்குள் பரவல் குறையவில்லை. இன்ஃப்ளூயன்ஸா தொற்றியவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுவதால், காய்ச்சலைக் கண்டுபிடித்து சோப்பு வந்து சேர்வதற்குள் வைரஸ் அடுத்தவரை எட்டியிருக்கக்கூடும்.

எஞ்சியிருக்கும் வலுவான கருவி காற்றோட்டம். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் சன்னல்களையும் கதவுகளையும் முழுதாகத் திறந்துவைத்தபோது அறைக்காற்று மணிக்குச் சராசரியாக 28 முறை மாறியதாக 2007இல் வெளியான அளவீடு கூறுகிறது. இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளில் கிடைத்ததைவிட இது அதிகம். உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களில் காற்று இன்னும் வேகமாக மாறியது. எதிரெதிர்ச் சுவர்களில் திறப்புகள் இருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். வரிசை வீடுகளில் பெரும்பாலும் ஒரு சுவரில் மட்டுமே திறப்பு இருக்கும், மற்ற மூன்றும் பக்கத்து வீட்டுச் சுவர்கள். அத்தகைய வீட்டில் கூரைக்கு அருகே ஒரு திறப்பை வைத்தால், உடற்சூட்டால் மேலெழும் காற்று அதன் வழியே வெளியேறும், அதன் இடத்தை நிரப்பக் கதவின் கீழ் இடைவெளி வழியாகப் புதிய காற்று உள்ளே வரும்.