உறைந்த விரலைக் கணப்பில் காட்டாதீர்கள்

இந்தப் பருவத்திலும் ஒருவர் வந்துவிட்டார். நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில், 5416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லா கணவாயைப் பனிப்பொழிவுக்கு நடுவே கடந்து இறங்கியவர், கால்விரல்கள் மரத்துப் போயிருந்ததால் விடுதியின் கணப்பு அடுப்பருகே பாதங்களை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். சூடு உறைக்காததால் இன்னும் நெருங்கியிருக்கிறார். அவர் எங்கள் தீக்காயப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது, எவ்வளவு சேதம் பனியால் ஆனது, எவ்வளவு நெருப்பால் ஆனது என்று எங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. (குளிரில் உடல் திசு உறைந்துபோகும் பனிக்கடிக்குத் தீக்காயப் பிரிவா என்று உறவினர்கள் வியப்பதுண்டு. திசு எதனால் செத்தாலும் அதைப் பார்ப்பவர்கள் நாங்கள்தான்.)

குளிரில் விறைத்த கையை நெருப்பில் காட்டுவது இயல்பான செயல்தானே என்று படித்தவர்களும் வாதிடுகிறார்கள். விறைத்த கை வேறு, உறைந்த கை வேறு. விறைத்த கைக்கு உணர்வு இருக்கிறது. சூடு மிஞ்சினால் அது தானே பின்வாங்கும். வெளிறி, மெழுகு போலக் கெட்டியாகி, தொட்டால் தெரியாத நிலைக்குப் போன விரலுக்குப் பின்வாங்கத் தெரியாது. அது வெந்து கொப்பளிக்கும்போதும் அதற்குரியவர் தேநீர் குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். சூடான வெந்நீர்ப் பையும் முடி உலர்த்தும் கருவியும் இதே கதைதான்.

இதற்கு நேர்மாறான இன்னொரு மூடநம்பிக்கை, பனியை அள்ளித் தேய்த்தால் சரியாகும் என்பது. இதற்கு ஒரு பெரிய மருத்துவரின் பெயரே பின்னணியில் இருக்கிறது. 1812-இல் நெப்போலியனின் படையுடன் ரஷ்யாவுக்குச் சென்ற அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே, இரவில் தீமூட்டிக் குளிர்காய்ந்த வீரர்களின் உறுப்புகள் அழுகுவதையும், இளகிய பாதங்கள் மறுநாள் நடையில் மீண்டும் உறைவதையும் கண்டார். நோயைச் சரியாகக் கண்ட அவர், மருந்தாகப் பனியால் தேய்க்கச் சொன்னார். அந்த அறிவுரை நூறாண்டுக்கும் மேலாக நீடித்தது. உறைந்த திசுவுக்குள் பனிப் படிகங்கள் இருக்கின்றன. பனியால் தேய்த்தாலும் எண்ணெயால் தேய்த்தாலும் சிதைவுதான் மிஞ்சும்.

செய்ய வேண்டியது இதுதான்: 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெந்நீரில் உறுப்பை முழுமையாக அமிழ்த்த வேண்டும். வெப்பமானி இல்லையென்றால், மரத்துப்போகாத இன்னொருவர் தன் கையை அரை நிமிடம் நீரில் வைத்துப் பார்க்கட்டும். பாதிக்கப்பட்டவரின் கையை நம்பாதீர்கள். நீர் ஆற ஆற, உறுப்பின் மேல் ஊற்றாமல், வெந்நீர் சேர்த்துக் கலக்கிக்கொண்டே இருந்தால், ஏறக்குறைய அரை மணி நேரத்தில் தோல் சிவந்து மென்மையாகும். வலி கடுமையாக இருக்கும். ஒவ்வாமையோ இரைப்பைப் புண்ணோ இல்லாதவர்கள் ஐபுப்ரூஃபன் எடுத்துக்கொள்ளலாம். கொப்புளங்களை உடைக்க வேண்டாம்.

ஆனால் இவையெல்லாம் பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகுதான். கணவாயின் நடுவில் இளக்கி, அந்தக் காலோடு மறுபடி பனியில் நடந்து, அது மீண்டும் உறைந்தால், விரலோடு போக வேண்டியது பாதம் வரை போகலாம். வேறு வழியில்லாதபோது உறைந்த காலோடு நடந்து இறங்குவதே குறைந்த தீமை.

காலுறை இரண்டு போட்டால் கதகதப்பு இரட்டிப்பாகும் என்று நினைத்து இறுக்கமான காலணிக்குள் திணிக்காதீர்கள். ரத்த ஓட்டம் நின்றுபோன பாதத்தை எந்தக் கம்பளியும் காக்காது. நனைந்த காலுறையை உடனே மாற்றுங்கள். பருத்தி உடையை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கையுறையைவிட ஒன்றாக வைக்கும் கையுறை மேலானது. கூடுதலாக ஒரு இணை பையில் இருக்கட்டும். ரம் குடித்தால் சூடாகத் தோன்றுவது, உடலின் உள்வெப்பம் தோல் வழியாக வெளியேறிக்கொண்டிருப்பதால்தான்.

தொழில் எல்லையைச் சற்றுத் தாண்டியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கணவாயின் இந்தப் பக்கத்துத் தங்குமிடமான தோரோங் பேடியிலிருந்து மறுபக்கத்து முக்திநாத் வரை ஒரே நாளில் சுமார் 900 மீட்டர் ஏறி, 1600 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். முன்பெல்லாம் பல நாட்கள் நடந்து சேர்ந்த 3540 மீட்டர் உயர மனாங்குக்கு இப்போது ஜீப்பிலேயே போய்விடுகிறார்கள். உயரத்துக்குப் பழகாத உடலோடு கணவாய்க்குப் போகிறார்கள். 3000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். உடன் வருபவர் தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலேயே நடுக்கம் நின்று அமைதியானாலோ, களைப்பு என்று தட்டிக்கொடுத்து உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். தான் நலமாக இருப்பதாக அவர் சொல்லும் வார்த்தைக்கு அந்நேரத்தில் மதிப்பில்லை.

வானிலையைக் கேளுங்கள். 2014 அக்டோபர் 12-இல் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயலின் எச்சம், இரண்டே நாளில் இதே கணவாய்ப் பகுதியில் பனிப்புயலாகவும் பனிச்சரிவாகவும் இறங்கியது. குறைந்தது 43 பேர் இறந்தார்கள். இரவு முழுவதும் பனி கொட்டியிருந்தால் விடுதியில் இன்னொரு நாள் தங்குங்கள். விமானச் சீட்டுப் போனால் போகட்டும்.

ஏற்கெனவே பனிக்கடி பட்டுவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடைபட்ட ரத்தநாளங்களைத் திறக்கும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. அவற்றுள் ரத்தக்கட்டைக் கரைப்பவை உறைந்த உறுப்பு இளகிய 24 மணி நேரத்துக்குள்ளும், ரத்தநாளங்களை விரிக்கும் ஐலோபிராஸ்ட் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்கப்பட வேண்டியவை. ஆகவே ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல், காட்மாண்டுவிலேயே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அதற்குப் பிறகு அவசரம் வேண்டாம். கறுத்த விரலைக் கண்டதும் வெட்டிவிடச் சொல்லி எங்களை நெருக்குகிறார்கள். கிருமித்தொற்று இல்லாதவரை, செத்த பகுதிக்கும் பிழைத்த பகுதிக்கும் எல்லைக்கோடு தெளிவாகப் பல வாரங்கள், சில வேளை மாதங்கள்கூட ஆகும். அதுவரை காத்திருந்தால் வெட்டுவது குறையும். அந்த வாரங்களில் சிகரெட்டைத் தொடவே கூடாது.