குழந்தையின் எடை 26 என்றால் கிலோவா, பவுண்டா?

வேலூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஜூன், ஜூலையில் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் குழந்தைகளோடு காட்பாடிக்கும் சத்துவாச்சாரிக்கும் வந்து இறங்குவார்கள், வந்த கொஞ்ச நாளிலேயே பேரனுக்குக் காய்ச்சல் என்று தாத்தா சிரப் கேட்டு வருவார். எடை என்ன சார் என்றால் மருமகளுக்குப் போன் போட்டுவிட்டு "இருபத்தாறாம்" என்பார். பையனுக்கு வயது இரண்டு. அந்த வயதில் 12 கிலோ சுற்றித்தான் இருக்கும், 26 என்பது பவுண்டு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை கணக்கு. 26 பவுண்டு என்றால் 11.8 கிலோ, அதாவது சுமார் 177 மில்லிகிராம். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் மூன்றரை மில்லி போதும். அதையே 26 கிலோ என்று எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 8 மில்லி ஆகிவிடும். இரண்டு மடங்குக்கும் மேல்! ஒரு நாளைக்கு நாலு வேளை, மூன்று நாள் என்று இப்படியே போனால் கல்லீரலுக்கே ஆபத்து.

மனக்கணக்கு சுலபம்தான். பவுண்டைப் பாதியாக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 26இல் பாதி 13, அதில் 1.3 போனால் 11.7. பிறந்த எடையில் இன்னொரு குழப்பம் உண்டு. 7 பவுண்டு 10 அவுன்ஸை 7.10 என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். பவுண்டுக்கு 16 அவுன்ஸ், அதனால் அது 7.6 பவுண்டுக்கு மேல், ஏறக்குறைய 3.46 கிலோ.

நம் வீட்டு டிஜிட்டல் எடை மெஷினையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். நிறைய மெஷின்களில் அடியில் ஒரு சின்ன பட்டன் இருக்கும், துடைக்கும்போது கை பட்டாலே கிலோ பவுண்டாக மாறிவிடும். திரையில் எண் பெரிதாகத் தெரியும், அலகு ஓரத்தில் பொடியாக இருக்கும். உங்கள் எடை திடீரென்று இரண்டு மடங்கானால் சிரித்துவிட்டுப் போவீர்கள், ஆனால் குழந்தையின் எடை உங்களுக்கு மனப்பாடமா என்ன? முதலில் பெரியவர் ஏறிப் பாருங்கள், அப்புறம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து கொண்டுவந்த மருந்து அட்டையைப் பார்த்து இங்கே வாங்கிய சிரப்பை ஊற்றாதீர்கள். அங்கே 5 மில்லியில் 160 மில்லிகிராம், எடை அட்டவணையும் பவுண்டில். இங்கே 120, 125, 250 என்று பல விதமாகக் கிடைக்கிறது. 24 பவுண்டுக்கு 5 மில்லி என்று அந்த அட்டை சொல்வது அந்தப் பாட்டிலுக்கு மட்டும்தான்.

ஏற்கெனவே கூடுதலாகக் கொடுத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால், குழந்தை நன்றாக விளையாடுகிறதே என்று காத்திருக்க வேண்டாம். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாமலே இருக்கலாம், மாற்று மருந்தோ சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். எத்தனை மணிக்கு எத்தனை மில்லி என்று ஒரு தாளில் எழுதி, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.